பல மொழி, பல சாதி, பல மதம், ஒரே வார்டு: பெங்களூரில் நர்சிங் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதும் அவர்களை வார்டுக்கு அழைத்துப் போவதும் என் வேலை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளும், சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். தங்களைப் போல இல்லாத நோயாளியிடமும் சக மாணவரிடமும் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களும் பெற்றோரும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவில் பதில் இருக்காது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

'பண்பாட்டுப் பன்மை' என்று பாடத்தில் வருகிறதே, வார்டில் அது எந்த இடத்தில் வரும்?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே சமூகவியலும் உளவியலும் வந்துவிடுகின்றன. குடும்பம், திருமணம், சாதி, மதம் எல்லாம் அங்கே பரீட்சைக்கான தலைப்புகள். எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். வார்டில் அது தலைப்பு போட்டுக்கொண்டு வராது.

சிக்பேட்டை பக்கத்து ஜைன வியாபாரக் குடும்பத்துப் பாட்டி ஒருவர், சர்க்கரை நோய்க்காரர், அட்மிட் ஆகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிட மாட்டார். ஆஸ்பத்திரி கிச்சனிலிருந்து ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குத்தான் வரும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. மாணவி சரியாக நேரம் பார்த்து ஊசியைப் போட்டுவிட்டு, தட்டு வந்ததும் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போகிறார். பாட்டி தட்டைத் தொடவில்லை. ஒன்பது மணிக்குள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறத் தொடங்கிவிடும். மாணவி மருந்தின் அளவில் தவறவில்லை, நேரத்தில் தவறவில்லை. "சாயங்காலம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கம்மா?" என்று அட்மிஷனின்போது யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிச் சாப்பாட்டையும் ஊசியையும் முன்னால் நகர்த்தியிருக்கலாம்.

பன்மை என்றால் திருவிழாவும் உடையும் என்று நினைத்து வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். அது மருந்து நேரத்திலும் இருக்கிறது.

இதையெல்லாம் நர்சிங்கில் ஒரு பாடமாக ஆக்கியது யார்?

அமெரிக்க நர்ஸ் மேடலின் லைனிங்கர் (1925–2012) பெயரைத்தான் புத்தகங்கள் முதலில் சொல்லும். 1950-களில் குழந்தைகள் மனநல இல்லம் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஒவ்வொரு பின்னணியிலிருந்து வரும் குழந்தையும் பராமரிப்பை ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வதைக் கவனித்தார். அதற்காகவே மானுடவியல் படித்து, பப்புவா நியூ கினியில் காட்ஸப் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். பண்பாடு கடந்த நர்சிங் என்ற துறை அப்படி உருவானது. அதற்கான சங்கம் 1974-இல் தொடங்கியது.

எனக்கு அவரைவிட நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்து நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டென்தான் நெருக்கம். அவர் சொன்னது கொஞ்சம் உறைக்கும். நோயாளியின் வழக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் நர்ஸ் தன் வழக்கத்தையும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நோயாளி, நர்ஸ் இல்லை. 1992-இல் நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் இதைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது. பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. நம் ஊரில் இப்படி ஒரு பாடம் வந்தால் சண்டை இன்னும் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்து 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முழுமையாக மறுக்கிறேன்' வரை டிக் செய்யச் சொல்கிறார்கள். அதை வைத்து மனப்பான்மையை அளக்க முடியுமா?

ஓரளவு முடியும். எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வு பாதி இப்படித்தான் நடக்கிறது, தவறில்லை. ஆனால் "எல்லா மதத்தினரையும் சமமாக நடத்துவேன்" என்ற வரிக்கு எதிரே யார் 'மறுக்கிறேன்' என்று டிக் செய்வார்கள்? அதுவும் டியூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது. நல்ல பெயர் வாங்கும் பதிலைத் தருவது மனித இயல்பு.

இன்னொரு சிக்கல், இந்தப் படிவங்களில் பல அமெரிக்காவில் உருவானவை. இனம், நிறம், குடியேறியவர்கள் பற்றி நிறையக் கேட்கும். சாதி பற்றி ஒரு வரி இருக்காது. அதனால் நம் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

நான் அதிகம் நம்புவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றி அடுத்து வருபவருக்குச் சொல்லும் ஹேண்ட்-ஓவரை. "பதினாலாம் பெட், ஐம்பது வயது, நிமோனியா, மூன்றாம் நாள்" என்று ஒரு மாணவி சொல்கிறார். "பதினாலாம் பெட் பிகாரி, ஒண்ணுமே புரியாது அந்த ஆளுக்கு" என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேரும் படிவத்தில் ஒரே மதிப்பெண்ணாக இருக்கலாம். இரண்டாவதைக் கேட்டுவிட்டு டியூட்டிக்கு வருபவர் அந்த பெட்டுக்குக் கடைசியாகத்தான் போவார். மருந்து பற்றி விளக்கவும் மாட்டார், எப்படியும் புரியாது என்று சொல்லிவிட்டார்களே.

வகுப்பு எடுத்தால் மனம் மாறுமா?

அறிவு கூடும். மனம் மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை. நோயாளிக்கு அதனால் என்ன நன்மை என்று கேட்டால் சான்று இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களுக்கான பண்பாட்டுப் பயிற்சி பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் சேர்க்கத் தகுந்த ஆய்வுகள் ஐந்துதான் கிடைத்தன, அவற்றின் சான்றுத் தரமும் குறைவு என்றே முடிவு சொன்னார்கள். ஒரு நாள் பயிலரங்கம், சான்றிதழ், குரூப் போட்டோ என்று நடத்துபவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம். வார்டில் நடந்ததை அன்று சாயங்காலமே உட்கார்ந்து பேசுவதுதான் எனக்குத் தெரிந்து கொஞ்சமாவது வேலை செய்கிறது.

ஹாஸ்டலில் மலையாளி, மணிப்பூரி, வங்காளி எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். சேர்ந்து இருந்தாலே பழகிவிடாதா?

சேர்ந்து இருப்பதும் பழகுவதும் வேறு. மெஸ்ஸில் போய்ப் பாருங்கள். கேரளப் பெண்கள் ஒரு மேசை, வடகிழக்குப் பெண்கள் ஒரு மேசை, நம் பிள்ளைகள் ஒரு மேசை, வடகர்நாடகத்துக்காரர்கள் ஒரு மேசை. நாலு வருஷமும் அப்படியே கழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதைச் சொல்லிவிட்டார். வெவ்வேறு குழுக்கள் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. இரண்டு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு வேண்டும், ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும். ஹாஸ்டலில் இவை அபூர்வம். வார்டில் சுலபம். ஒரு தமிழ் மாணவியையும் ஒரு நாகா மாணவியையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துப் போட்டால், அவரைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேரும் வேண்டும். ஒருத்தி தோளைப் பிடிக்க இன்னொருத்தி இடுப்பைப் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை சொல்ல வேண்டும், புண் வந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்க்க வேண்டும். ஜோடி பிரிக்கும்போது மாணவர்கள் விருப்பத்துக்கு விடாமல் டியூட்டரே கலந்து போடுவது இதனால்தான். முதல் வாரம் முணுமுணுப்பார்கள்.

ரூம்மேட் சமைப்பது நாற்றம் தாங்கவில்லை. என்ன செய்வது?

புளிக்கவைத்த சோயாவும் மூங்கில் குருத்தும் வடகிழக்கில் அன்றாடச் சாப்பாடு. நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைச் சுட்டபோது அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமைக்கும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கன்னடம் வராது. தமிழை வைத்துச் சமாளிக்க முடியுமா?

சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கத்து ஆஸ்பத்திரியில் தமிழை வைத்துப் பாதி ஓட்டலாம், மீதியைத் தக்கணி உருதும் தெலுங்கும் பங்குபோட்டுக்கொள்ளும். அரசு ஆஸ்பத்திரியில் கலபுரகி, ராய்ச்சூர், சாம்ராஜ்நகர் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளிடம் தமிழ் செல்லாது. அதனால் கன்னடம் கற்றே ஆக வேண்டும், இதில் பேரமில்லை. தமிழ்க் காதுக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை. "எல்லி நோவு?", "ஊட்ட ஆய்த்தா?", "மாத்ரே தகொண்ட்ரா?" (எங்கே வலி, சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டீங்களா) என்று ஆரம்பியுங்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுத் திருத்துவார்கள்.

சிக்கல் கேட்பதில் இல்லை, பதில் நீளமாக வரும்போதுதான். அப்போது என்ன செய்கிறார்கள்? வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை, ஆயாவை, பக்கத்து பெட்காரரை, சில சமயம் நோயாளியின் பத்து வயது மகனை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்பதற்கு அது சரி. மாதவிடாய், வெள்ளைப்படுதல், குடிப்பழக்கம், வீட்டில் அடி வாங்குவது பற்றிக் கேட்கும்போது மகனையோ கணவனையோ நடுவில் வைத்தால் உண்மை வெளியே வராது. மாமியார் மொழிபெயர்த்தால் மருமகள் ஒரு நிமிடம் பேசியது "ஒண்ணும் இல்லையாம்" என்று உங்களிடம் வந்து சேரும். மொழி தெரிந்த ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டியிருந்தாலும் சரி.

டிஸ்சார்ஜ் நேரத்தில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எந்த மொழியிலும் அதற்கு ஆமாம் என்றுதான் பதில் வரும். "வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிப் போடுவீங்க, எனக்குச் செய்து காட்டுங்க" என்று சொல்லுங்கள். 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதியிருப்பதை ஒரு பெரியவர் நூற்றொன்று என்று படிப்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

தமிழ் என்று தெரிந்தால் வார்டில் பிரச்சினை வருமா? (பெற்றோர் கேட்பது)

1991-இல் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டித் தமிழர்கள் தாக்கப்பட்டது இந்த ஊர். 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. அதை மறைக்க ஒன்றுமில்லை, பழைய குடும்பங்களில் இன்னும் பேசுவார்கள். அதே ஊரில்தான் அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையும் 2009-இல் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்குள் மொழியைக் காரணமாக வைத்து ஒரு மாணவியை நோயாளி வேண்டாமென்று சொல்வது அரிது. காவிரி சூடாக இருக்கும் நாட்களில் பயணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஹாஸ்டல் வார்டன் நம்பரைக் கையில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் எல்லாவற்றையும் நம்பாதீர்கள். 2012 ஆகஸ்டில் வதந்தியை நம்பி வடகிழக்கைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் குவஹாத்தி ரயிலைப் பிடிக்க ஓடியதும் இங்கிருந்துதான்.

எந்த மதத்தினர் எதைச் செய்வார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் படித்துக்கொள்கிறோமே?

கைடுகளில் இருக்கிறது. முஸ்லிம் என்றால் இது, கிறிஸ்தவர் என்றால் அது, ஜைனர் என்றால் மற்றது என்று கட்டம் போட்டு. அதை மனப்பாடம் செய்துவிட்டு வந்து, இட்லியோடு முட்டை கேட்ட பிராமண நோயாளியைப் பார்த்து முழிப்பார்கள். பட்டியல் எதைக் கேட்க வேண்டும் என்று நினைவூட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் உண்மை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. மாத்திரைக் கேப்ஸ்யூலின் ஓடு பெரும்பாலும் விலங்கின் ஜெலட்டின். நோயாளி கேட்டால் பொய் சொல்லக் கூடாது, டாக்டரிடமோ மருந்தாளரிடமோ மாற்று உண்டா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், பலர் அதற்கான அட்டையைப் பையிலேயே வைத்திருப்பார்கள். அட்மிஷனிலேயே அதைப் பதிவு செய்து டாக்டருக்குச் சொல்வது உங்கள் வேலை, வாதாடுவது இல்லை.

ரம்ஜான் நோன்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நோயாளிக்கு மதத்திலேயே விலக்கு உண்டு, ஆனால் விலக்கு இருக்கிறது என்று நீங்கள் போய்ப் பாடம் நடத்தினால் எடுபடாது. சர்க்கரை நோய்க்காரர் நோன்பு இருப்பேன் என்றால், மருந்து நேரத்தை மாற்ற நோன்புக்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை இறங்கினால் உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்று குடும்பத்தாருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னால் அழுகிறார்கள். விதி விதிதானே?

செக்லிஸ்ட்டில் 'நகைகள் அகற்றப்பட்டன' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யும் அவசரத்தில் மாணவி கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நோயாளி தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார், மாமியார் கத்த ஆரம்பிப்பார், ஸ்ட்ரெச்சர் தள்ள வந்த ஆள் வாட்சைப் பார்ப்பார்.

முதலில் ஏன் அகற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மின் கத்தியால் உலோகம் இருக்கும் இடத்தில் தோல் சுடலாம், கழுத்தில் குழாய் போடும்போது சங்கிலி இடைஞ்சலாகும், தொலைந்தால் வம்பு. எம்.ஆர்.ஐ. என்றால் காந்தம், அங்கே பேச்சுக்கே இடமில்லை. காரணம் உலோகம் என்று தெரிந்துவிட்டால் வழியும் தெரியும். எங்கள் வார்டின் மூத்த சிஸ்டர் ஒருவர் செய்வது இதுதான். முந்தின நாள் சாயங்காலமே மாமியாரிடம் பேசிவிடுவார். "அம்மா, தங்கத்தை நீங்க பத்திரமா வச்சுக்குங்க, மஞ்சள் கயிறு ஒண்ணு கொண்டு வாங்க" என்பார். ஒரு மஞ்சள் துண்டு கோத்த கயிறு வந்ததும், கையில் ஆபரேஷன் இல்லையென்றால் சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிவிட்டு, மாமியார் கையாலேயே அதைக் கையில் கட்டச் சொல்லி மேலே மைக்ரோபோர் டேப் ஒட்டுவார். தங்கத்தை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார். தியேட்டருக்குப் போகும் காலையில் அழுகைச் சத்தமே கேட்காது. தாயத்து, சிலுவை, சீக்கியரின் காப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான், பேச வேண்டிய ஆள் மட்டும் மாறுவார்.

வழக்கம் என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? பிறந்த குழந்தைக்குத் தேன் வைக்கிறார்களே.

தலையாட்டக் கூடாது. லைனிங்கர் இதை மூன்றாகப் பிரித்தார்: அப்படியே விட வேண்டியது, கொஞ்சம் மாற்றி ஏற்றுக்கொள்ள வேண்டியது, மாற்றியே ஆக வேண்டியது. பிரசவ வார்டில் ஒரே நாளில் மூன்றையும் பார்க்கலாம்.

பிறந்த குழந்தையின் வலது காதில் தாத்தா பாங்கு சொல்ல வேண்டுமா? சொல்லட்டும், இரண்டு நிமிடம்கூட ஆகாது. காது அடைத்துப் பஞ்சு வைத்துக்கொள்ளும் தாய்? வைத்துக்கொள்ளட்டும். பத்தியச் சாப்பாடு? பூண்டும் பாலும் நல்லதுதான், ஆனால் பருப்பு, கீரை, தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்தினால் பேச வேண்டும். கண்ணுக்குள் மை? அதில் ஈயம் இருக்கலாம். கண்ணுக்குப் பதில் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னால் பாட்டிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், கண்ணேறு படாமல் இருக்க வேண்டும் என்பதுதானே அவர்கள் கவலை. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம், அதில் போட்யூலிசம் என்ற நச்சு நோயின் கிருமி வித்துகள் இருக்கக்கூடும். சேனை வைப்பதும் (தாய்ப்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீர் போன்றதை நாக்கில் வைப்பது), சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் மாற வேண்டியவை.

எப்படி மாற்றுவது? தாயைத் திட்டினால் எதுவும் மாறாது, அவள் கையில் எதுவும் இல்லை. வீட்டில் யார் முடிவெடுக்கிறார்களோ அவரைத் தேடுங்கள். சேனை வைக்கும் உரிமை குடும்பத்தில் ஒரு பெரியவருக்குக் கிடைக்கும் மரியாதை. குழந்தையை முதலில் தாயின் மார்பில் எடுத்துவைக்கும் வேலையை அந்தப் பெரியவர் கையில் கொடுத்துப் பாருங்கள், கிண்ணத்தைப் பற்றிய பேச்சு பல சமயம் அதோடு நின்றுவிடுகிறது. எப்போதும் அல்ல. சிலர் நீங்கள் போனபின் வைப்பார்கள்.

சில சமூகத்தார் வலியைப் பெரிதுபடுத்துவார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

வலியை வெளிக்காட்டும் விதம் வீட்டுக்கு வீடு மாறும். சிலர் அரற்றுவார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். சத்தம் போடுபவருக்கு 'சீன் பார்ட்டி' என்று பெயர் வைத்து மருந்தைத் தாமதிப்பதும், அமைதியாக இருப்பவருக்கு வலியில்லை என்று விட்டுவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். நோயாளி எங்கே, எப்போது, எவ்வளவு வலி என்று சொல்கிறாரோ அதுதான் வலி என்று மார்கோ மெக்காஃபரி என்ற நர்ஸ் 1968-இல் எழுதினார். 0 முதல் 10 வரை கேளுங்கள், எண் புரியாதவருக்கு முகப் படங்களைக் காட்டுங்கள், சொன்னதை அப்படியே சார்ட்டில் எழுதுங்கள்.

கருத்த தோலில் சில அறிகுறிகள் தெரியாதாமே?

ஆமாம். பாடப் புத்தகப் படங்கள் வெளுத்த தோலை வைத்து எடுத்தவை. உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் பாருங்கள். மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளை விழியைப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் ஆக்சிஜனைக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. எண் நன்றாக இருந்து ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள்.

சாதி பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசினால் கசக்கும், அதனால். நாகாலாந்துத் தோழியின் சாப்பாட்டைப் பழகிக்கொண்ட மாணவி, தன் ஊர்க்காரியே ஆன இன்னொருத்தியின் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டார். தூரத்து வேறுபாட்டை ரசிப்பது சுலபம், பக்கத்து வேறுபாடுதான் மனப்பான்மைக்கு உண்மையான பரீட்சை என்பது என் அபிப்பிராயம்.

வார்டில் இது எப்படித் தெரியும் என்றால், பெட்பேன் எடுக்க, வாந்தி துடைக்க, இறந்தவர் உடலைக் கழுவிக் கட்ட யார் பெயர் மறுபடி மறுபடி வருகிறது என்று டியூட்டி நோட்டைப் பாருங்கள். நர்சிங் தொழிலே இந்த நாட்டில் ரொம்ப நாள் கீழானதாகப் பார்க்கப்பட்டதற்கு உடம்பின் கழிவைத் தொடுகிற வேலை என்பது ஒரு பெரிய காரணம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியபின்னும் பல காலம் மிஷனரிகளும் கிறிஸ்தவப் பெண்களும்தான் இந்த வேலைக்குப் பெருமளவில் வந்தார்கள். இன்று எல்லாச் சாதியிலிருந்தும் வருகிறார்கள், பழைய கணக்கையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதனால் அந்த வேலைகளை எண் வரிசைப்படி போட வேண்டும், டியூட்டரும் கையுறை மாட்டி இறங்க வேண்டும். தீண்டாமை அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவால் ஒழிக்கப்பட்டது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஹாஸ்டலிலும் அது பொருந்தும்.

நோயாளியே "நீ என்ன ஆளும்மா?" என்று கேட்டால்? "நான் நர்ஸ் ஸ்டூடண்ட்ங்க, கையைக் காட்டுங்க, பி.பி. பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

திருநங்கை நோயாளி வந்தால் ஆண் வார்டா, பெண் வார்டா?

அவரையே கேட்க வேண்டும். என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்பதையும். 2019-இன் திருநர் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. இங்கே மாணவர்கள் தடுக்கிவிழும் இடம் சட்டம் இல்லை, சிரிப்பு. நர்ஸிங் ஸ்டேஷனில் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தால் பெட் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்ட நோயாளி அடுத்த முறை புண் முற்றும் வரை ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்.

நோயாளியே என்னை இழிவாகப் பேசினால்?

2020 மார்ச்சில் வடகிழக்கு மக்களை 'கொரோனா' என்று கூப்பிடுவது அதிகமாகி, மத்திய உள்துறை அமைச்சகமே எல்லா மாநிலங்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. நர்சிங் மாணவிகளும் அதில் தப்பவில்லை. மயக்கத்திலோ குழப்பத்திலோ இருப்பவர் பேசுவதை விட்டுவிடலாம். தெளிவாக இருப்பவர் பேசினால், "அப்படிக் கூப்பிடாதீர்கள், நான் உங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லுங்கள். தொடர்ந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி அவரைப் பேசவையுங்கள். பக்கத்தில் நிற்கும் சக மாணவிகள் கேட்காதது போல் நகர்ந்துவிடுவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். சீனியர்களே செய்தால் அது ராகிங். கல்லூரிக் குழு அசையாவிட்டால் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

ஆண் மாணவர்களுக்குப் பிரசவ வார்டில் இடம் உண்டா?

பாடத்திட்டத்தில் உண்டு. நோயாளியின் சம்மதம் முதலில், பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் அடுத்தவரைக் கேளுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதே மரியாதையை ஆண் நோயாளிக்கும் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஆண்களுக்குக் கூச்சம் இல்லை என்று நினைத்துத் திரையை இழுக்காமலே கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுகிறார்கள்.

வெளிநாடு போக இது உதவுமா?

உதவும். அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வின் திட்டத்தில் பண்பாட்டு விழிப்புணர்வு ஒரு தலைப்பாகவே இருக்கிறது. ஆனால் கலபுரகித் தொழிலாளியிடம் பொறுமையாகப் பேசாதவர் லண்டன் பாட்டியிடம் பேசுவார் என்பதை நான் நம்பவில்லை.

கல்லூரியில் சேர்வதற்கு முன் இந்த விஷயத்தில் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும், மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் இருக்கிறதா என்பது எப்படியும் கேட்க வேண்டியது. அதோடு, மாணவர்களை எந்த ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பணக்காரத் தனியார் ஆஸ்பத்திரி மட்டும் என்றால் ஒரே மாதிரி நோயாளிகளைப் பார்த்துவிட்டு வெளியே வருவீர்கள். அரசு ஆஸ்பத்திரியும் குடிசைப் பகுதிச் சமூகப் பணியும் கட்டாயம் இருக்க வேண்டும். கன்னட வகுப்பு உண்டா, பரீட்சைக்காகவா பேசுவதற்காகவா என்று கேளுங்கள். ஹாஸ்டலில் ரூமை மாநில வாரியாகப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் அலுவலகத்தில் கிடைக்காது. சாப்பாட்டு நேரத்தில் மெஸ் பக்கம் போய், இரண்டாம் வருஷப் பிள்ளைகள் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், மேசைகள் எப்படி நிரம்பியிருக்கின்றன என்பதை நீங்களும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.